காலை ஆறு மணிக்குக் காய்ச்சல் இல்லை

வைகாசி மாதம் ஏறக்குறைய முழுவதும், ஆனியில் ஒரு வாரமும் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். என் கல்லீரலில் சீழ் கட்டியிருந்தது. இப்போது குணமாகிவிட்டேன். மலையில் இருக்கும் நாங்கள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் மலைக்காய்ச்சல் என்று முடிவு செய்து, கொயினா மாத்திரையை விழுங்கிவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொள்கிறோம். அப்படிச் செய்யும் வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். நாள், நேரம் எல்லாம் என் நாட்குறிப்பிலிருந்து எடுத்தவை. அந்த நாட்குறிப்பை வைத்துக்கொண்டே நான் எப்படி ஏமாந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எனக்கு வயது நாற்பத்தேழு. கணவர் இறந்து வெகுகாலம் ஆயிற்று, பிள்ளைகள் இல்லை. ராசிபுரம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேலை பார்த்துவிட்டு, ஆறு வருஷமாகக் கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்ற ஊர்ப்பகுதியில் ஒரு வீட்டை நடத்தி வருகிறேன். காப்பித் தோட்டம் போட வந்த ஒரு வெள்ளைக்காரர் கட்டிய பழைய பங்களா அது. நிலைக்கல்லில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டு இன்னும் இருக்கின்றன. காப்பிச்செடிகள் நோய் கண்டு பட்டுப்போனதும் அவர் கப்பல் ஏறிவிட்டார். சுவர்கள் கருங்கல், ஒரு முழத்துக்கு மேல் கனம். தரை முழுவதும் பலகை. மலை ஜனங்கள் அதைத் ‘துரை ஊடு’ என்பார்கள். சேலத்து ஜவுளி வியாபாரி ஒருவர் அதை வாங்கி, தம் கடைசிக் காலத்தில், பார்த்துக்கொள்ள ஆளில்லாத வயதானவர்கள் ஒன்றாக இருந்து ஒரே அடுப்பில் சாப்பிட்டு வாழட்டும் என்று விட்டார். அவர் போன பிறகு அவருடைய மனைவி, எங்களுக்கு வீட்டுக்காரம்மா, மாதாமாதம் சாமான்களும் என் சம்பளமும் அனுப்பி வருகிறார்.

ஆறு பேருக்கு இடம் இருந்தும் போன வருஷம் மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். செங்கோடக் கவுண்டர் அடிவாரத்துக் குடியானவர். இரண்டு காலும் வராது, கண்ணும் வாயும் நன்றாக வேலை செய்யும். வெள்ளையம்மாள் இதே மலையைச் சேர்ந்தவள். காது மந்தம், கை கால் திடம். சடையனும் மலைக்காரர்தான். இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. யாரிடம் எது இருக்கிறதோ அதை மற்றவர்களுக்குக் கொடுப்பது என்பது வீட்டின் ஏற்பாடு. வெள்ளையம்மாள் சமைப்பாள். கவுண்டர் சமையலறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து அடுப்பைப் பார்ப்பார். பால் பொங்கினால் கத்திப் பிரயோஜனம் இல்லை, அவளுக்குக் கேட்காது. கைத்தடியால் பலகைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார், அவள் பாதத்துக்கு அது தெரிந்துவிடும். சடையனுக்கு விடியற்காலை வேலை. ஒவ்வொருவர் கட்டிலாகப் போய் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். அவர் கை சூடு என்று சொன்ன இடத்தில்தான் நான் தெர்மாமீட்டரை வைப்பேன். ஆறு மணிக்கு அளவை நோட்டில் எழுதுவேன். தண்ணீரும் விறகும் கொண்டுவரப் பொன்னன் என்ற குடியானவர் வந்துபோவார்.

அந்தச் சுற்றில் என் கட்டில் சேரவில்லை. நான் பார்த்துக்கொள்கிறவள். என் நெற்றியை யாரிடமும் காட்டியதில்லை.

தை மாதம் வீட்டுக்காரம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்று பேருக்காக இவ்வளவு பெரிய வீடு நடப்பதைப் பற்றிக் குடும்பத்தில் பேச்சு இருக்கிறது. நீங்கள் இருக்கும்வரை நடக்கட்டும். நீங்கள் இல்லாமல் அது ஒரு மாதம்கூட நடக்காது. அப்படி ஒரு நிலைமை வந்தால் அவர்களை அவரவர் சொந்தக்காரர்களிடம் சேர்த்துவிட்டு வீட்டைப் பூட்டிவிடுவோம் என்று எழுதியிருந்தார். சொந்தக்காரர்கள் என்று எழுதுவது சுலபம். கவுண்டரை அவர் அண்ணன் மகன் மாட்டுக்கொட்டகையில் போட்டிருந்தான். சடையனுக்கு ஒரு மகள், அவள் வீட்டில் அவளுக்கே இடமில்லை. வெள்ளையம்மாளுக்கு யாருமே இல்லை. ஆனாலும், உண்மையைச் சொன்னால், ‘நீங்கள் இல்லாமல் ஒரு மாதம்கூட நடக்காது’ என்ற வரி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

மாசி நடுவில் எனக்குச் சாயங்காலங்களில் குளிர் எடுக்க ஆரம்பித்தது. இரவில் ரவிக்கை நனைய வேர்க்கும். பசி குறைந்தது. வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம், வலது தோள்பட்டையில் ஒரு குடைச்சல். தண்ணீர்க்குடம் தூக்கிய சுளுக்கு என்று நினைத்தேன். வேர்வைக்கு வேறு காரணம் வைத்திருந்தேன். என் வயதுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தில் திடீர்ச் சூடும் வேர்வையும் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்கு வைத்தியமும் இல்லை, வெளியே சொல்வதும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தபாலாபீசில் விற்கும் கொயினாவும் சாப்பிட்டேன். காதில் இரைச்சல்தான் கண்டது.

காய்ச்சலா என்று பார்க்காமல் இல்லை. பங்குனி நடுவிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு, மற்றவர்களுக்குப் பார்த்த கையோடு, எனக்கும் பார்த்து என் நாட்குறிப்பில் எழுதினேன். நாற்பத்தொரு நாள் விடாமல் எழுதியிருக்கிறேன். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டரை, அபூர்வமாகத் தொண்ணூற்றொன்பது. காய்ச்சல் இல்லை என்பதற்கு என்னிடம் எழுத்தில் அத்தாட்சி இருந்தது.

சித்திரை கடைசி வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் சடையனிடம் சுக்குக் காப்பித் தம்ளரை நீட்டினேன். அவர் தம்ளரோடு என் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

“அம்மிணி, சுடறது தம்ளரா, கையா?”

“தம்ளர்தானுங்க. காப்பி சூடா இருக்குது.”

“தம்ளர் பட்ட எடம் எனக்குத் தெரியாதுங்களா? இது கை. கவுண்டரே, டீச்சரம்மாளுக்கு நல்ல காச்சலுங்க.”

“காச்சல் இல்லீங்க. காலையில ஆறு மணிக்குப் பாத்தேன், தொண்ணூத்தெட்டு” என்றேன்.

கவுண்டர் நாற்காலியில் இருந்தபடியே திரும்பினார். “இப்ப மணி என்னங்க?”

“ஏழு.”

“ஏனுங்க டீச்சரம்மா, காச்சல் உங்க கடியாரத்தப் பாத்துட்டா வருது? இப்ப வெச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தேன். நூற்றிரண்டரை. தெர்மாமீட்டர் பழுதென்று நினைத்து உதறி மறுபடி வைத்தேன். அதே நூற்றிரண்டரை.

அதற்குப் பிறகு ஆறு நாள் இரண்டு வேளையும் எழுதினேன். காலையில் எல்லாம் ஒழுங்கு. சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் ஏறும். ஏழாம் நாள் வெள்ளையம்மாளோடு சேர்ந்து கவுண்டரைக் கட்டிலுக்குத் தூக்கும்போது விலாவில் கத்தி இறங்கினாற்போல் வலித்துக் கையை விட்டுவிட்டேன். நல்லவேளை, அவர் விழுந்தது கட்டிலில். வெள்ளையம்மாள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். “சாமி, நீ ரெண்டு மாசமா ஒருக்களிச்சே நிக்கிற. எடது பக்கமாப் படுக்கறதும் இல்ல. நான் பாத்துட்டுத்தான் இருக்கறேன்” என்றாள். காது கேட்காதவளுக்குக் கண் அதிகம்.

“கீழ போயி டாக்டருகிட்டக் காட்டிட்டு வாங்க” என்றார் கவுண்டர்.

அப்போதுதான் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அதுவரை அவர்களிடம் சொல்லவில்லை. நான் இறங்கிப் போய் ஒரு மாதம் தங்க வேண்டி வந்தால் வீடு போய்விடும் என்றேன். வெள்ளையம்மாளுக்குக் கவுண்டர் கையைக் காட்டியும் வாயை அகலத் திறந்தும் விளக்கினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க இங்கயே இருந்து செத்துப்போனா மட்டும் ஊட்டப் பூட்ட மாட்டாங்களா?”

ராசிபுரத்தில் இருக்கும் என் தம்பிக்கு, வருகிறேன் என்று அன்றே கடிதம் போட்டேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் அவர்கள் செய்ய வேண்டியதை இருபத்திரண்டு குறிப்புகளாக எழுதிக் கவுண்டரிடம் கொடுத்தேன். அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பினார். “இத நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள நீங்க நல்லாயி வந்துருவீங்க” என்றார்.

வீட்டில் ஒரு டோலி உண்டு. மூங்கில் கட்டிய நாற்காலி, கவுண்டருக்காகச் செய்தது. அதில் என்னை உட்காரவைத்துப் பொன்னனும் இன்னும் மூன்று பேரும் தூக்கினார்கள். ஒற்றையடிப் பாதையில் காரவள்ளி அடிவாரம்வரை இறங்க அரை நாளுக்குமேல் ஆயிற்று. “கவுண்டருக்கு நாலு பேரு வேணும். டீச்சரம்மாளுக்கு ரெண்டு பேரு போதும்போல இருக்குதே” என்று ஒருவர் சொன்னார். வேடிக்கைக்குச் சொன்னார். அவ்வளவு இளைத்திருப்பது எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் ஆளுயரக் கண்ணாடி இல்லை.

அடிவாரத்திலிருந்து வண்டி, சேந்தமங்கலத்திலிருந்து பஸ். ராசிபுரத்தில் என் தம்பியும் அவன் மனைவி சரசுவும் ஏறிக்கொண்டார்கள். சரசு என்னைப் பார்த்ததும் அழவில்லை. “அண்ணி, தலையப் பின்னி எத்தன நாளாச்சு?” என்று கேட்டுப் பஸ்ஸிலேயே சிக்கெடுக்க ஆரம்பித்தாள். அதற்காக இன்றும் நன்றியாக இருக்கிறேன். அன்று யாராவது அழுதிருந்தால் நான் உடைந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, பெண்கள் பக்கத்து பெஞ்சில் காலை ஏழரையிலிருந்து பன்னிரண்டுவரை காத்திருந்தோம். முதலில் ஒரு கம்பவுண்டர் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துப் போனார். மலைக்காய்ச்சலானால் அதற்குக் காரணமான கிருமி ரத்தத்தில் இருக்கும், பூதக்கண்ணாடியில் தெரியும் என்றார். மறுநாளும் எடுத்தார்கள், மூன்றாம் நாளும் எடுத்தார்கள். மூன்று தடவையும் கிருமி இல்லை. ஆனால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அதிகமாக இருந்தன. உடம்புக்குள் எங்கோ சீழ் இருந்தால் அப்படி ஆகுமாம்.

நான்காம் நாள் பெரிய டாக்டர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், சிரிக்காத முகம். நாட்குறிப்பை நீட்டினேன். கொஞ்சம் பெருமையோடுதான் நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

“தெனமும் காலை ஆறு மணிக்கு?”

“ஆமாங்க. ஒரு நாள்கூட விடலீங்க.”

“சூரியன் இருக்குதான்னு தெனமும் நடுராத்திரியில எழுந்து பாத்து, இல்லை இல்லைன்னு நாப்பத்தொரு நாள் எழுதியிருக்கீங்க” என்றார். “கையெழுத்து நல்லா இருக்குது.”

பள்ளிக்கூடத்தில் என்னிடம் திட்டு வாங்கிய பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்று தெரிந்தது.

பிறகு வலது பக்கம் கடைசி விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். நான் கத்திவிட்டேன். “போன வருஷம் வயித்துக்கடுப்பு வந்துதா?” என்று கேட்டார். கார்த்திகையில் வந்தது. மாதுளம் ஓடு அரைத்துக் குடித்து நின்றது. நின்றதோடு மறந்துவிட்டேன். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். அந்தக் கடுப்புக்குக் காரணமான கிருமி குடலோடு நிற்பதில்லை. சிலருக்கு ரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்குப் போய் அங்கே தங்கி, அதை அரித்துச் சீழாக்கும். கல்லீரலின் மேற்பக்கம் வீங்கினால் அந்த வலி தோளில் தெரியும். சாயங்காலம் காய்ச்சலும் இரவில் வேர்வையும் வரும். கொயினா இதற்கு ஒன்றும் செய்யாது. வைத்தியம் இரண்டு: எமட்டின் என்ற ஊசி மருந்து, ஊசி விட்டுச் சீழை இழுப்பது. சீழ் உடைந்து நெஞ்சுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ போனால் பிழைப்பது கஷ்டம்.

“எத்தனை நாளுங்க ஆகும்?” என்றேன்.

“ஒரு மாசத்துக்கு மேல.”

உயிர் போகுமா என்று நான் முதலில் கேட்கவில்லை. மாதக் கணக்கைத்தான் கேட்டேன். தம்பி அதைப் பிற்பாடு சொல்லிச் சொல்லிக் காட்டுவான்.

அன்றே வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். “எதுக்குக்கா? அவங்க சேலத்துலயே இருக்கறாங்க. தெரிஞ்சா பூட்டிருவாங்க” என்றான் தம்பி. சம்பளம் வாங்கிக்கொண்டு இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்ட முடியாது என்றேன். உடம்பு சரியில்லை, இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று இரண்டு வரி எழுதிப் போட்டான். பதில் வரவில்லை.

எமட்டின் ஊசி தினம் ஒன்றாகப் பத்து நாள். அது இருதயத்தைத் தளர்த்தும் மருந்து. ஆகையால் எழுந்து உட்காரக்கூடக் கூடாது என்று உத்தரவு. சரசு வார்டுத் தாழ்வாரத்தில் பாய் போட்டுத் தங்கினாள். கஞ்சி ஊட்டுவாள், முகம் துடைப்பாள். எல்லாவற்றையும்விடப் பெரிய உபகாரம் அவள் பேச்சு. எங்கள் ஊரில் யார் யாரோடு சண்டை, எந்தக் கல்யாணத்தில் சாம்பார் தீய்ந்தது என்று ஓயாமல் சொல்வாள். அவள் சொல்வதில் பாதியில் பெயர் மாறிப்போகும். நான் திருத்துவேன். என்னைத் திருத்தவைப்பதற்காகவே தப்பாகச் சொன்னாளோ என்று இப்போது தோன்றுகிறது.

முதல் தடவை சீழ் எடுத்தது ஆஸ்பத்திரிக்கு வந்த ஆறாம் நாள். உட்காரவைத்து, வலது கையைத் தலைமேல் தூக்கிவைக்கச் சொன்னார்கள். மரத்துப்போக ஒரு சிறு ஊசி. பிறகு, கோணி தைக்கப் பயன்படும் ஊசி கனத்தில் ஒன்றை விலா நடுவில் இறக்கினார்கள். வலி அவ்வளவு இல்லை, உள்ளே ஏதோ தள்ளுவது தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள், அசையாதீர்கள் என்றார் டாக்டர். நர்சம்மா என் இடது கையைப் பிடித்திருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. எண்ணிப் பார்த்தால் பயம் குறையும் என்று எண்ணினேன், முப்பதுக்குமேல் மறந்துவிட்டது. கண்ணாடிக் குழாயில் வந்தது சிவப்பும் பழுப்புமாக, அரைத்த புளிக்குழம்பு நிறத்தில் இருந்தது. ஒரு படிக்குக் கொஞ்சம் குறைவு. டாக்டர் அதை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “நெனச்சது இதுதான்” என்றார். அவர் முகத்தில் முதல் முறையாகத் திருப்தி தெரிந்தது. அன்று சாயங்காலம் காய்ச்சல் நூறுக்குமேல் போகவில்லை. ஏழு மணிக்குப் பார்த்தது, நானே கேட்டு எழுதிக்கொண்டேன்.

ஆனால் எட்டு நாளில் மறுபடி ஏறத் தொடங்கியது. மிச்சம் இருக்கிறது, இன்னொரு தடவை ஊசி விட வேண்டும் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தபோது முகம் சரியில்லை. மூன்று முறை கேட்ட பிறகு சொன்னான். வீட்டுக்காரம்மா கணக்குப்பிள்ளையை மலைக்கு அனுப்பியிருக்கிறார். ஆள் பார்த்துக்கொள்வதாகத் தெரியாவிட்டால் பூட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். கணக்குப்பிள்ளை கையில் ஒரு புதுத் திண்டுக்கல் பூட்டு இருந்ததை இவனே ஜவுளிக்கடையில் பார்த்திருக்கிறான்.

நான் எழுந்துவிட்டேன். அதாவது, எழ முயன்று தலை சுற்றிச் சரசுவின் தோளில் விழுந்தேன். டாக்டரிடம் இரண்டு நாள் போய்வர உத்தரவு கேட்டேன்.

“போலாம். மலையில ஏறும்போது கட்டி ஒடைஞ்சா அங்கயே பொதைச்சிருவாங்க. வர்ற கஷ்டம் இருக்காது” என்றார்.

மறுநாள் இரண்டாவது ஊசி. முதல் தடவை உயிருக்குப் பயந்தேன். இந்தத் தடவை என் மனம் மலையில் இருந்தது. கவுண்டரை யார் தூக்கி வெளியே வைப்பார்கள்? வெள்ளையம்மாளுக்கு ‘பூட்டப் போகிறோம்’ என்பதை எப்படிக் கையைக் காட்டிச் சொல்வார்கள்? அரைப்படி சீழ் வந்தது. அதன்பின் காய்ச்சல் திரும்பவே இல்லை. உடம்புக்கு நல்ல நாட்கள் அவை. ஆனாலும் அடுத்த மூன்று நாள் நான் சரசுவின் கதைகளைத் திருத்தவில்லை.

பதினெட்டாம் நாள் பத்து மணிக்கு வீட்டுக்காரம்மாவே வார்டுக்குள் வந்தார். அறுபத்தைந்து வயது, வெள்ளைப்புடவை. சரசு முக்காலி போட்டாள். உட்கார்ந்தார்.

“நேத்து எங்க கணக்கப்பிள்ளை மலையிலேர்ந்து வந்தாரு” என்றார். “நீங்க நல்லா இருக்கறதாச் சொன்னாரு.”

எனக்கு விளங்கவில்லை.

“அவரு போனப்ப நீங்க குளிக்கப் போயிருந்தீங்களாம். கால் வராத ஒரு பெரியவரு சொன்னாராம். மூணு மணி நேரம் உக்காந்திருந்தாராம். கேக்கக் கேக்க, பொம்பளைங்க குளிக்கப் போனா நேரமாகுமுங்க, தலைமுழுக்குங்கன்னாராம். அப்புறம் சாயங்காலமா, அப்படியே அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போயிட்டாங்கன்னாராம்.”

என் முகம் எப்படி ஆயிற்றோ தெரியாது. ஆறு வருஷம் அந்த வீட்டில் ஒரு பொய்க்கணக்கு எழுதியதில்லை. இப்போது எல்லாம் சேர்ந்து போயிற்று என்று நினைத்தேன். “அம்மா, அவங்க சொன்னது பொய்” என்றேன். “நான் இங்க வந்து பதினெட்டு நாளாச்சு. வயசான சனங்க, பயத்துல சொல்லிட்டாங்க. என்மேல வெச்சுக்கங்க.”

“எனக்குத் தெரியாதா? உங்க தம்பி எழுதின காயிதம் என் பொட்டியில இருக்குது. கணக்கப்பிள்ளைகிட்ட அதைக் காட்டல.” அவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தார். “இருபத்தஞ்சு வருஷமா ஒரு தம்பிடி ஏமாறாத மனுஷன். மூணு மணி நேரம் உக்காரவெச்சுட்டாங்க!”

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். “நான் கேக்க வந்தது வேற. மத்தியானம் அவருக்குச் சுடச்சுடச் சாமைச் சோறும் கொள்ளுக்குழம்பும் போட்டிருக்காங்க. தரை பெருக்கி இருந்துதாம். கண்ணு தெரியாதவரு அவர் நெத்தியில கை வெச்சு, வெயில் ஏறியிருக்குது, மோர் குடிங்கன்னாராம். காச்சல் நோட்டுல அன்னைக்குத் தேதி போட்டு மூணு பேருக்கும் எழுதியிருந்துதாம். அதைப் பாத்துட்டுத்தான் நீங்க இருக்கீங்கன்னு அவரு நம்பினாரு. யாரு எழுதினது?”

“கவுண்டராத்தான் இருக்கும். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவாரு.”

“அப்ப நீங்க இல்லாம நடக்குது.”

அந்தச் சொல் எனக்கு வலித்தது, சீழ் எடுத்த இடத்தைவிட ஆழத்தில். இரண்டு தடவை படித்துச் சந்தோஷப்பட்ட வரியை எழுதியவரே அதை அழித்துவிட்டார். ஆனால் வலித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் நடந்தது. மாசியிலிருந்து, ஏன் அதற்கும் முன்பிருந்தே, நெஞ்சுக்குள் இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. நான் செத்திருந்தாலும் அன்று மத்தியானம் அவர்கள் சாமைச் சோறு சாப்பிட்டிருப்பார்கள். இதைப்போல ஆறுதலான செய்தியை அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

“நடக்குதுங்க அம்மா” என்றேன்.

“அப்படின்னா நான் எதுக்குப் பூட்டணும்?” என்று எழுந்தார். “மூணு பேருக்கு வீடு பெருசுன்னு எம் பையன் சொல்றான். காலியா இருக்கற மூணு கட்டிலுக்கும் ஆள் பாருங்க. இன்னொண்ணு. டாக்டருகிட்டப் பேசினேன். மூணு மாசம் நீங்க பாரம் தூக்கக் கூடாதாம். மலையில போயி ரெஸ்ட்டா இருங்க, சம்பளம் வரும். அதுவரைக்கும் பொறுப்பு அந்தக் குளிக்கப் போன பெரியவருக்கு.”

குளிக்கப் போனது நான்தான் என்று திருத்த வாயெடுத்தேன். சரசு என் காலைக் கிள்ளினாள்.

முப்பத்தெட்டாம் நாள் விட்டார்கள். டாக்டர் கடைசியாக நாட்குறிப்பை வாங்கிப் பார்த்தார். காலை, மத்தியானம், சாயங்காலம், இரவு என்று நான்கு வரிசை இருந்தது. “இப்பச் சரி” என்றார். கொதிக்கவைத்த தண்ணீரே குடிக்க வேண்டும், வயிற்றுக்கடுப்பு வந்தால் நின்றுவிட்டது என்று விடக்கூடாது, காய்ச்சலைப் பல நேரங்களில் பார்க்க வேண்டும் என்றார். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இந்த மூன்றையும் மறக்க வேண்டாம்.

அடிவாரத்தில் பொன்னன் டோலியோடு நின்றார். மழை பெய்து பாதை வழுக்கியது. ஏறி வீட்டு முற்றத்தில் இறக்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. சடையனும் வெள்ளையம்மாளும் வாசலில் நின்றார்கள். கவுண்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“தலைமுழுகி முடிஞ்சுதுங்களா?” என்றார்.

வெள்ளையம்மாள் என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, “கண்ணு, எலும்பா வந்திருக்கிற” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். நோட்டைக் கேட்டு வாங்கினேன். முப்பத்தெட்டு நாளும் எழுதியிருந்தது. எழுத்துக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சில இடங்களில் எட்டும் மூன்றும் ஒன்றாக இருந்தன. இருபத்திரண்டு குறிப்புகளைப் பற்றிக் கேட்டேன். “நாலாவது வரைக்கும் வந்தேனுங்க” என்றார் கவுண்டர். “மிச்சம் எங்களுக்கே தெரியுமே.”

மூன்று மாதம் அவர் அதிகாரம்தான். குடத்தைத் தொட்டால் தடியால் தட்டுவார். புரட்டாசியில் டாக்டர் மறுபடி பார்த்து, கட்டி இருந்த இடம் ஆறிவிட்டது, எல்லா வேலையும் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார். சீட்டைக் கொண்டுவந்து கவுண்டர் முன்னால் வைத்து, பொறுப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் நீங்க பாருங்க. சாயங்காலம் நான் பாத்துக்கறேன். அந்த நேரத்துக்கு எனக்கும் ஒரு வேல வேணுமுங்க. சும்மா உக்காந்திருந்தா மொகரையப் பாத்துச் சாவு வந்துரும்.”

ஒப்புக்கொண்டேன். போன வாரம் திண்ணனூர் நாட்டிலிருந்து ஒரு கிழவரும் அவர் தங்கையும் வந்து சேர்ந்தார்கள். இப்போது ஐந்து பேர். தங்கை சமையலில் வெள்ளையம்மாளோடு ஒத்துப்போகவில்லை. சாயங்காலம் மூன்று மணி நேரம் எனக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில்தான் இதை எழுதினேன். இப்போது மணி ஐந்தே முக்கால். சமையலறையில் உப்பைப் பற்றிச் சண்டை நடக்கிறது. கவுண்டர் இரண்டு பேரையும் அதட்டுகிறார், ஒருத்திக்குக் காது கேட்கவில்லை, இன்னொருத்தி கேட்பதாக இல்லை. ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. நான் எழுந்து போகவில்லை.